டம்ளரைத் தொடாதவர்கள்

அன்று பள்ளி நூலகத்தில் இருந்தவர்கள்: தலைமை ஆசிரியை அம்பொன்சா மேடம். ஒடூரோ குடும்பத்தின் மூத்தவர் டாப்பா பெரியவர், கறுப்புத் துணியை ஒரு தோளில் போட்டபடி. அவர் பக்கத்தில் சர்ஃபோ, செத்துப்போன ஒடூரோவின் தங்கை மகன். ஐஸ் ஆலைக்கு மேலாளர் அவன்தான், ஒடூரோ பெயரில் நடக்கும் அறக்கட்டளைக்கும் அவன்தான் எல்லாம். மாணவர்கள் இருவர்: கொனாடு, தவியா. சுவரில், சட்டத்துக்குள், ஒடூரோ. பிறகு நான், செலோம். இரவு முழுவதும் அதே ஐஸ் ஆலையில் நின்றுவிட்டு நேராக வந்திருந்தேன். சட்டையில் அம்மோனியா வாடை அப்படியே இருந்தது.

ஒடூரோவின் மனைவி அச்சியாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் சொன்னதைப் பற்றித்தான் கூட்டமே.

இந்த ஊர் அசுவாகுரோமில் எதைத் தொட்டாலும் அதில் ஒடூரோ பெயர் இருக்கும். பிரசவ ஆஸ்பத்திரி, ஆழ்துளைக் கிணறு, பள்ளியின் புதுக் கட்டடம், இந்த நூலகம். மீனும் ஐஸும் விற்றுச் சம்பாதித்தவர். அவர் இறந்த நாள் நினைவுக்காக இந்த வருடம் அறக்கட்டளை ஒரு போட்டி வைத்தது. ஊருக்குக் கொடுத்தவரின் வாழ்க்கையை மாணவர்களே ஆராய்ந்து எழுத வேண்டும். சிறந்ததை எழுதுகிறவரை மேற்படிப்பு முடியும்வரை அறக்கட்டளை படிக்கவைக்கும்.

கொனாடுவுக்கு மருத்துவச்சிப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். அவள் அம்மா பேருந்து நிலையத்தில் கென்கே, புளித்த சோளமாவு உருண்டை, விற்கிறாள். கென்கே விற்று அந்தப் படிப்புக்குப் பணம் கட்டமுடியாது. ஆகவே கொனாடுவுக்கு இந்தப் போட்டி விளையாட்டில்லை. மற்றவர்களுக்கு விளையாட்டு.

சரித்திர ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டதால் அம்பொன்சா மேடம் என்னிடம் வந்தார். நான் தலைநகர் அக்ராவில் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவன். பாதியில் விட்டவன். "பாதி படிச்சது போதும், இவங்க கால்வாசிதான் கேக்கப்போறாங்க," என்றார். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் இந்த நூலகத்துக்கு வந்தேன். நூலகக் கதவின் தாழ்ப்பாள் திறப்புவிழா அன்றே உடைந்துவிட்டது. பூட்டினால்தான் நிற்கும், இல்லாவிட்டால் காற்றுக்குத் தானாகத் திறந்து ஆடிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. கொடுத்த பொருளைப் பழுது பார்ப்பதற்குக் கல்வெட்டு வைக்க மாட்டார்கள் அல்லவா.

முதல் வகுப்புக்கு எட்டுப் பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். எட்டும் ஒன்றே. 'ஏழைப் பெற்றோருக்குப் பிறந்து, வெறுங்காலோடு நடந்து பள்ளி சென்று, அயராத உழைப்பால் உயர்ந்து...'

"எங்கேருந்து எடுத்தீங்க இத?"

"ஆராய்ச்சி பண்ணோம் சார்," என்றான் தவியா.

"எங்க பண்ணே?"

"வீட்ல சார். அவரு சாவுக்குப் போட்ட நினைவு மலர் இருந்துச்சு. எங்கம்மா அது மேல டிவி ரிமோட் வெச்சிருந்தாங்க. ரிமோட்ட எடுத்துட்டுப் படிச்சேன்."

அந்த மலர் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். குடும்பம் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு முதல் பக்கத்தில்.

"வெறுங்காலோட நடந்தாருன்னு எழுதிருக்கே. யாரு பாத்தா?"

"அப்பல்லாம் எல்லாருமே வெறுங்கால்தான் சார்."

"அப்ப அதுல எழுத என்ன இருக்கு?"

தவியா கொஞ்சம் யோசித்தான். "மத்தவங்க பணக்காரங்க ஆகல சார். இவரு ஆனாரு. அதனால இவரு கால் மட்டும் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அவன் சொன்னது சரி.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இதை யார் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா என்று எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார், ஒடூரோ தங்கமான மனிதர். ஊர்த்தலைவரின் ஆள் சொன்னார், தங்கமான மனிதர். தேவாலயப் போதகர் சொன்னார், தங்கம். இரவெல்லாம் ஐஸ் பாளங்களை இழுத்த கையால் அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தூக்கம் இல்லாத கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகத் தெரிந்தது. தாள்களை மேசையில் போட்டேன்.

"அவரு கொடுத்ததெல்லாம் சுவத்துல கல்வெட்டா இருக்கு. அதப் படிக்க நீங்க வேணாம், ஆடு கூட நின்னு பாத்துட்டுப் போகுது. கேட்டுக் கிடைக்காதவங்க யாருன்னு பாருங்க. ஒருத்தன் எங்க கைய மூடினான்னு தெரிஞ்சாத்தான் அவன் யாருன்னு தெரியும்."

"எங்க பக்கத்து வீட்டு மாமா கேட்டாரு சார்," என்றான் தவியா. "மூணாவது கல்யாணத்துக்கு. முதலாளி சொன்னாராம், ரெண்டாவது கல்யாணத்துக்கு வாங்கிட்டுப் போன நாற்காலிய மொதல்ல கொண்டாந்து போடுன்னு."

கொனாடு சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டிருந்தாள்.

செத்தவரைப் பற்றி இங்கே வெறுங்கையோடு போய்க் கேட்க முடியாது. சடங்குக்கு வைக்கும் ஷ்னாப்ஸ் சாராயம் ஒரு புட்டி வாங்கி கொனாடுவிடமும் தவியாவிடமும் கொடுத்தேன்.

"வீட்டுக்குப் போங்க. பொண்டாட்டி, புள்ளைங்க இருப்பாங்கல்ல. உக்காந்து கேளுங்க."

கொனாடு புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அச்சியாம்மா வீட்டுக்கா சார்?"

"வேற யாரு வீட்டுக்கு?"

அவள் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டாள். தவியாதான் வாய்க்குள் ஏதோ முனகினான். அறிமுகமில்லாத வீட்டுக்குப் போகக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம், ஆற்றுக்கு அந்தக் கரையில், அப்பா செத்தால் அவர் கதை மகன்களுடையது. இங்கே ஆண்பிள்ளையின் கதையும் உடலும் சொத்தும் அவனைப் பெற்றவளின் குடும்பத்துக்குத்தான் போகும். கட்டியவளும் பிள்ளைகளும் வேறு குடும்பம். இந்த ஊரில் எட்டு வருடம் சாப்பிட்டவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் கை பழக்கத்தில் அந்த வீட்டைக் காட்டியது. ஆசிரியர் சொன்னால் காரணம் இருக்கும் என்று அவளும் போனாள்.

அச்சியா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகை அறையில் இருக்கிறாள். இன்னும் மீன் சுட்டு விற்கிறாள். அவள் சொன்னதை கொனாடு ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டு வந்தாள்.

"அவன் வியாபாரத்துக்கு மீன் கழுவி, உப்புத் தண்ணில நின்னு நின்னு என் கால் நகம் விழுந்துச்சு. அந்தாளுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரி இருக்குதே, அந்த எடத்துல எங்களுக்குன்னு வீடு கட்ட நெனச்சான். எனக்கும் புள்ளைங்களுக்கும் எழுதிக் கொடுக்கணும்னு அவன் குடும்பத்தக் கூப்பிட்டான். ஆடு வெட்டி, நாற்காலி போட்டு, டம்ளர்ல ஊத்தி வெச்சான். வந்தாங்க. உக்காந்தாங்க. டம்ளர எடுத்துக் குடிச்சாத்தான் சம்மதம்னு அர்த்தம், ஒருத்தரும் எடுக்கல. அப்படியே எழுந்து போனாங்க. ரெண்டாவது தடவ கூப்பிட்டான், வரவே இல்ல. ஆட்டுக்கறிய தெருப் புள்ளைங்க தின்னுச்சுங்க.

"அடுத்த மாசம் ஊர்த்தலைவர, போதகர, மொத்த ஊரையும் கூப்பிட்டான். அதே எடத்த ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தான். ஊர் முன்னாடி குடும்பம் என்ன பண்ணும்? முதல் டம்ளர அவங்கதான் குடிச்சாங்க. அதுக்கப்புறம் அவனுக்கு அது பழகிப்போச்சு. எது கைல வந்தாலும் ஊருக்கு. தங்கச்சி மவன் லாரி கேட்டான், அந்த லாரிய வித்துக் கெணறு தோண்டினான். சாகும்போது அவங்களுக்கு எதுவும் மிஞ்சக் கூடாது, அவ்ளோதான். எனக்கும் மிஞ்சல. நல்லவன்னு எழுதிக்கம்மா, தப்பில்ல. ஆனா கோவத்துல நல்லவன்."

அதற்குக் கீழே கொனாடு தானாக ஒரு வரி எழுதியிருந்தாள். 'நான் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தேன்.' அதற்குமேல் ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்தில் நான் இருந்த காலத்தில் இப்படி எழுதிய ஒருவரையும் பார்க்கவில்லை. இதுதான் ஜெயிக்கும் என்று அவளிடம் சொன்னேன். அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஊரில் ஒழுங்காக ஓடும் அச்சு இயந்திரம் ஐஸ் ஆலை அலுவலகத்தில்தான் இருக்கிறது. அம்பொன்சா மேடம் எல்லாக் கட்டுரைகளையும் தட்டச்சு செய்ய அங்கே அனுப்பிவிட்டார். சர்ஃபோ படித்தான். சனிக்கிழமை காலை நூலகத்தில் நாற்காலி போட்டாயிற்று.

டாப்பா பெரியவர் கத்தவில்லை. கத்தினால் பரவாயில்லை என்று இருந்தது.

"இந்தப் பொண்ணு எழுதினது பொய்னு நான் சொல்ல வரல," என்றார். "எங்க புட்டி எங்க? அத மட்டும்தான் கேக்குறேன்."

சுவரிலிருந்த ஒடூரோவைக் காட்டினார்.

"என் தம்பி கத வேணும்னா என் வாசலுக்கு வரணும். புட்டி வேற வாசலுக்குப் போயிருக்கு. அந்த வாசல்லேருந்து வந்தது எங்க தம்பி கதையே இல்ல. யாரோ ஒரு ஆளோட கத."

"தப்பு என்னோடது பெரியவரே," என்றேன். "நான்தான் அங்க அனுப்பினேன். பொண்ண விட்டுருங்க. அவ எழுதினதப் படிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க."

"உங்க ஊர்ல மவன்கிட்டக் கேப்பாங்க, தெரியும். இங்க மவன் விருந்தாளிப்பா. சாப்பிட்டுட்டுப் போவான். வீட்டப் பத்திச் சொல்ல மாட்டான்."

"ராத்திரி ஐஸ் ஒடைக்கிறான், பகல்ல சரித்திரம் ஒடைக்கிறான்," என்றான் சர்ஃபோ. "எதையும் முழுசா வெக்க மாட்டான் போல. படிப்பு மாதிரியே."

தவியா தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறானா, பயமா என்று தெரியவில்லை.

"அப்ப மாமாகிட்ட லாரி கேட்டது நெஜமா இல்லியா, அத மட்டும் சொல்லு," என்றேன் சர்ஃபோவிடம்.

"நீ எங்கிட்ட வேல பாக்குற."

"அது தெரியும். லாரி?"

"செலோம்," என்றார் அம்பொன்சா மேடம். "போதும். அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். கொனாடு சுவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெரியவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னார்: "நாங்க கல் மனசுக்காரங்க இல்ல. பொண்ணு கெட்டிக்காரி. எழுத்து நல்லாருக்கு. இப்ப எங்க முன்னாடி ஒரு புட்டி வெக்கட்டும், தப்பா போச்சுன்னு சொல்லட்டும். நான் சொல்றேன், அவ எழுதட்டும். விழாவுல அதப் படிப்பா. திங்கக்கிழம சர்ஃபோ காலேஜுக்குப் போய்ப் பணம் கட்டுவான்."

"மத்தவங்க எழுதினது?" என்றான் தவியா.

"நீ எழுதினது நல்லாருந்துச்சு தம்பி," என்றான் சர்ஃபோ. "எங்க மலர்ல படிச்ச மாதிரியே இருந்துச்சு."

நான் கொனாடுவின் பக்கம் திரும்பினேன். "ஒத்துக்காதே. வேற வழி பாக்கலாம்."

"என்ன வழி சார்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். நான் பத்திரிகை என்று நினைத்தேன், மாவட்டக் கல்வி அலுவலகம் என்று நினைத்தேன், அக்ராவில் யாராவது என்று நினைத்தேன். எதைச் செய்தாலும் மாத முடிவு தாண்டிவிடும்.

"வெக்கிறேன் பெரியவரே," என்றாள் கொனாடு. "ஆனா எங்கிட்டப் புட்டி இல்ல."

"கார்ல இருக்கு," என்றான் சர்ஃபோ.

முன்னாலேயே வாங்கி வந்திருக்கிறார்கள். அவளை மன்னிக்க வேண்டிய புட்டியை அவர்களே வாங்கி, அவர்கள் காரிலேயே கொண்டுவந்து, அவள் கையில் கொடுத்து, அவள் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கூடவே சின்னக் கண்ணாடி டம்ளர்கள் ஒரு பெட்டியில். மேடம் மேசையிலிருந்த புத்தகங்களை ஒதுக்கி இடம் செய்தார். கொனாடு முழங்கால் மடித்து, இரண்டு கையாலும் புட்டியை நீட்டி, தப்பாகிவிட்டது என்றாள். பெரியவர் மூடியைத் திருகி முதலில் தரையில் சில துளி விட்டு ஒடூரோவின் பெயரைச் சொன்னார். சட்டத்துக்குள் ஒடூரோ எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு டம்ளர் சுற்றியது. பெரியவர் குடித்தார். சர்ஃபோ குடித்தான். மேடம் உதட்டை நனைத்தார். தவியாவும் கொனாடுவும் சிறுவர்கள், விரலால் தொட்டால் போதும் என்றார்கள். தொட்டார்கள். என் முன்னால் ஒரு டம்ளர் வந்து நின்றது.

நான் எடுக்கவில்லை.

"செலோம்," என்றார் மேடம்.

"வேலைக்கு அப்புறம் குடிக்கிறதில்ல."

"இது குடிக்கிறது இல்லப்பா," என்றார் பெரியவர். குரல் இப்போதும் உயரவில்லை. "நீதான் அவள அனுப்பினே. நீ இங்க சாட்சி. சாட்சி டம்ளரத் தொடலன்னா நாளைக்கு நீ வெளிய போய், நான் ஒத்துக்கவே இல்லன்னு சொல்லலாம். அப்படின்னா நாங்க எதுக்குக் கொடுக்கணும்? எதுவும் நிக்காது. படிப்பும் நிக்காது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு," என்றார்.

எனக்குத் தெரியும், இருக்கிறது. கொனாடுவின் தாளில் நானே படித்தேன். அந்த டம்ளர் என் முன்னால் தொடாமல் இருக்கும்வரை இந்த அறையில் நடந்த எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். அன்று ஒடூரோவுக்கு அவர்கள் பண்ணியதற்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடைக்காது என்று நினைத்தேன். நன்றாகவும் இருந்தது. சர்ஃபோவின் தாடை இறுகுவதைப் பார்க்க நன்றாகவே இருந்தது.

கொனாடு எழுந்து என் பக்கம் வந்து நின்றாள்.

"சார், குடிங்க."

"நான் குடிச்சா அந்தம்மா சொன்னது செத்துரும்."

"அவங்க சொன்னது அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தவியாவுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. "அன்னிக்கு இவங்க குடும்பம் டம்ளர எடுக்காம உக்காந்திருந்தாங்களே சார். அவங்களும் ஏதோ ஒரு நியாயம் வெச்சிருந்திருப்பாங்க."

அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. சனிக்கிழமைகளில் தூங்காமல் வந்து இவளுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் கேள்வியை என்மேலேயே வைத்தாள்.

குடித்தேன். வெறும் வயிற்றில் தீ மாதிரி இறங்கியது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

"நல்லது," என்றார் பெரியவர். உடனே நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொனாடு புதுத் தாள் எடுத்தாள். பேனா எழுதவில்லை. தவியாவிடம் வேறு வாங்கினாள். பழைய தாள்களைக் காணவில்லை என்று பார்த்தால், சர்ஃபோ அவற்றை மடித்துப் புட்டிக்கு அடியில் வைத்திருந்தான். மேசை நனையாமல் இருக்க.

நானும் உட்காரப் போனேன்.

"நீ எதுக்கு?" என்றான் சர்ஃபோ. "இனிமே குடும்ப விஷயம். ராத்திரி வேல இருக்குல்ல, போய்த் தூங்கு. ஏழு மணிக்கு லேட்டா வராதே."

மேடத்தைப் பார்த்தேன். அவர் சாவிக்கொத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். "ரொம்ப நன்றி செலோம்," என்றார் சாவியிடம். "அடுத்த சனிக்கெழம வகுப்பு வேணாம். பசங்களுக்குப் பரீட்ச வருது."

தவியா மட்டும் என்னைப் பார்த்து, ஆசிரியர் போகும்போது எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல், பாதி எழுந்தான். கொனாடு எழவில்லை. தாளின் மேல் தலையைக் குனிந்து, தேதி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேரமில்லை.

வெளியே வந்தேன். பள்ளி மைதானத்தில் வெயில் ஏறிவிட்டது. ஒரு ஆடு கல்வெட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் கதவு தானாக ஆடித் திறந்தது. உள்ளே பெரியவரின் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எழுதிக்கம்மா. ஏழைப் பெற்றோருக்குப் பிறந்து..."

"வெறுங்காலோடவா பெரியவரே?" என்று கேட்டாள் கொனாடு.

"ஆமா. வெறுங்காலோட."

அம்பொன்சா மேடம் வந்து கதவை இழுத்துச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினார்.